கயிறு பிடித்தவருக்கே பங்கு

"யோவ் கிழவா! கயிறு பிடிக்க வந்தியா, காத்து வாங்க வந்தியா? இழு!"

வலைக்குச் சொந்தக்காரனான கோவிந்தராசு போட்ட சத்தத்தில் கருக்களாச்சேரிக் கடற்கரையே திரும்பிப் பார்த்தது.

மீன் எடுக்க அன்றுதான் முதன்முறையாக அங்கே வந்திருந்த நெய்னா முகம்மது மரைக்காயருக்குத் திக்கென்றது. காரைக்கால் கடைத்தெருவில் கருவாட்டு வியாபாரம் அவருக்கு.

கடலில் விட்ட வலையை ஊரே சேர்ந்து கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குச் சற்று ஒதுக்கமாக, தனியாக ஒரு கயிற்றைப் பிடித்துத் திணறிக்கொண்டிருந்தார் அரசப்பன். வயதானவர். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, பார்வை அறவே இல்லை.

"ஏங்க, பாவம் அந்தப் பெரியவர். ரெண்டு மீனைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாதா?"

"கயிறு பிடிச்சவனுக்குத்தான் மரைக்காயரே பங்கு. சும்மா குடுக்க இதென்ன சத்திரமா?"

"அப்ப அவருக்குப் பதிலா நான் இழுக்கறேன்."

மரைக்காயர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றில் கை வைக்கப் போனார்.

"தொடாதீங்க!" பாய்ந்து வந்து மறித்தான் கோவிந்தராசு. "அது அந்தாளு வேலை!"

"ஆண்டவனுக்கே அடுக்காதுங்க இது. நெஞ்சுல ஈரமில்லாதவன் வலை மீன் எனக்கு வேணாம்!"

அன்று கரைக்கு வந்திருந்த வியாபாரி அவர் ஒருவர்தான். அவரும் போய்விட்டால் மீன் மணலில் கிடந்து நாறவேண்டியதுதான். கோவிந்தராசு ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் நின்ற அரசப்பனைப் பார்த்தான். பேசாமல் இருந்துவிட்டான்.

மரைக்காயர் விடுவிடுவென்று நடந்தார். கரையில் ஏற்றிப் போட்டிருந்த தோணியைச் சுற்றிக்கொண்டு போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

அரசப்பனின் கயிறு கடலுக்கே போகவில்லை!

அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, தோணிக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்திருந்தாள் கோவிந்தராசுவின் மனைவி மாரியம்மாள். தோணியில் காலை முட்டுக்கொடுத்து, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தாள். மூஞ்சியெல்லாம் வேர்வை.

"சத்தம் போடாதீங்க மரைக்காயரே," என்று கிசுகிசுத்தாள். "ரொம்ப ரோசக்காரரு. சும்மா குடுத்தா ஒரு நெத்திலிகூட வாங்க மாட்டாரு. எங்க வீட்டுக்காரர் நாலு வசவு விட்டாத்தான், நம்மளையும் ஒரு ஆளா வச்சிருக்காங்கன்னு தெம்பா இழுக்கறாரு."

மரைக்காயர் குனிந்து அவள் கையைப் பார்த்தார்.

"கை காந்தலையா தங்கச்சி?"

"காந்தத்தான் செய்யுது. லேசா விட்டாக் கண்டுபிடிச்சுடறாரே!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நகருங்க."

மரைக்காயர் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கயிற்றை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தார்.

தோணிக்கு அந்தப் பக்கமிருந்து அரசப்பனின் குரல் குதூகலமாகக் கேட்டது.

"ஏலே கோவிந்தராசு! இன்னிக்கு மீன் அள்ளுதுடா! வலை என்னமாக் கனக்குது!"