சுவரில் ஓர் எண்கோடு

மகள் றெஜினாவுக்கு எண்கள் பிடிபட வேண்டுமென்று, மொன்றியல் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாக்கிரட் ஓர் எண்கோடு வரைந்து ஒட்டியிருந்தாள். ஐந்தின் மேல் றெஜினாவின் படம். ஆறின் மேல், மன்னாரில் அம்மம்மாவோடு விட்டுவந்த மூத்தவள் பிலோமினாவின் படம்.

"இண்டைக்கு எனக்குப் பிறந்தநாள். வலப்பக்கம் போனால் கூடும், என்னம்மா?" றெஜினா தன் படத்தை ஆறுக்கு நகர்த்தினாள்.

"ஓம், கெட்டிக்காரி."

"அப்ப அக்காவை ஏழிலை ஒட்டுவம்."

"அது அங்கையே இருக்கட்டும்."

"விசா கிடைச்சு வந்தால் அக்கா கோவிப்பா."

மாக்கிரட் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை முடித்து வந்த ஞானேந்திரன், ஒரே எண்ணில் இருந்த இரண்டு மகள்மாரையும் பார்த்தான்.

"இன்னும் எவ்வளவு காலம் மறைக்கப் போறாய்?" என்று மனைவியைக் கேட்டான்.

மாக்கிரட் மகளை மடியில் இருத்தினாள்.

"அக்கா இனி வரமாட்டா, பிள்ளை. போன வருசம் அங்கை செல் குண்டு விழுந்து செத்துப்போனா. அவவுக்கு எப்பவும் ஆறு வயசுதான்."

றெஜினா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப, வாற வருசம் நான்தான் அக்காவோ?"