மடி கரையேறும் வரை

அவள் படகிலிருந்து ரேடியோவில் இரண்டாம் முறையும் அதையே சொன்னாள். கப்பல் வரும் வழியில், கரையிலிருந்து இழுக்கும் கரைவலை கிடக்கிறது. ஒரு மணி நேரம் வெளியே நில்லுங்கள்.



போர்க்கப்பல் வந்துகொண்டே இருந்தது. பக்கத்துப் பெரிய நாட்டின் கப்பல். ஊர்த் தேவாலயக் கோபுரத்தைவிட உயரம்.

துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிகாட்டிக் கூட்டிவரும் பைலட் அவள். அந்தச் சின்னத் தீவில் இந்த வேலைக்கு வந்த முதல் பெண். வேலை நிரந்தரமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"பிள்ளை, விசர் வேலை பாக்காதை," என்றார் படகோட்டி கபிரியேல். "அவங்கள் எப்ப நிண்டவங்கள்? நாங்கள்தானே வலையை வெட்டி விடுறது."

உண்மைதான். இருபது வருஷமாக அதுதான் வழக்கம். பெரிய நாட்டுக் கப்பல் தெரிந்ததும் கயிற்றை அறுத்து வலையைக் கடலோடு விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யும்படி அந்த நாடு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை.

கரையில் நாற்பது பேர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாரை மீன் கூட்டமாக அகப்பட்டிருந்தது. ஒரு பருவம் முழுக்க வீட்டில் அடுப்பெரியப் போதுமான மீன். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, கையில் கத்தியோடு அவளுடைய படகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்தாள். வெட்டாதீர்கள்.

அசைத்த பிறகுதான் பயம் வந்தது.

மூன்றாம் முறை ரேடியோவை எடுத்தாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

வெறும் இரைச்சல்.

பிறகு, கப்பலின் முன்னால் எழும்பிய நுரை குறைந்தது.

சங்கிலி கடகடவென்று இறங்கியது. நங்கூரம்.

கபிரியேல் சிலுவை போட்டுக்கொண்டார்.

மணலில் நாற்பது பேர் மூச்சுப் பிடித்து இழுத்து முடிக்கும்வரை, அவ்வளவு பெரிய கப்பல் வெயிலில் காத்து நின்றது. அவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பிடித்தது. எத்தனை பீரங்கி, எத்தனை ஆள்! அத்தனையும் இருந்தும் கப்பல்காரன் நிற்கிறானே, அதுவல்லவா பெரிய மனுஷத்தனம் என்று நினைத்தாள்.

மீன் நிறைந்த வலையின் மடி கரையேறியது. அவள் கப்பலிலிருந்து தொங்கிய கயிற்று ஏணியில் ஏறினாள்.

கப்டன் எழுந்து வணக்கம் சொன்னார். அவரும் தமிழர்தான், அக்கரைத் தமிழர்.

"நாளைக்கு வேற ஒரு நாட்டுக் கப்பல் வருதாமே," என்றார். "எங்களோடதைவிட ரெண்டு மடங்கு நீளமாம். அதையும் இப்படி நிக்க வைப்பீங்களாம்மா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. இவ்வளவு நேரம் நின்றவருக்கு, முறை எல்லோருக்கும் ஒன்றுதானா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

அவள் கரையைப் பார்த்தாள். மீனை அள்ளியவர்கள் வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கும் வலை போடுவினம்," என்றாள்.

கப்டன் சுக்கானருகே தான் நின்ற இடத்திலிருந்து விலகி, அவளுக்கு வழிவிட்டார்.