கம்பெனி வண்டி

கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீலச் சீருடையை உருவி எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் திணித்தார் சிவகுருநாதன். தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அது படக்கூடாது.

"நாளைக்குக் காலை ஷிப்டுப்பா. கசங்கிடும்," என்றாள் தவமணி. குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"கசங்கட்டும். குடும்ப மானம் கசங்கக்கூடாது."

"அயர்ன் பண்ணப்போறது நான்தானே," என்றபடி பவுடர் டப்பாவோடு வந்தாள் அம்மா செல்வநாயகி.

தவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம்மா. பேக்டரியில பவுடர் கூடாது. பழக்கம் விட்டுப்போச்சு."

பட்டம் வாங்கி மூன்று வருடம் அலைந்தும் எந்த ஆபீசிலும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. பட்டதாரி என்று சொன்னால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்க்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் வரைதான் படித்திருக்கிறேன் என்று சொல்லிச் சேர்ந்தாள். அங்கே அவள் படிப்பை மறைத்தாள். இங்கே அப்பா வேலையை மறைத்தார்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வழிகாட்டச் சட்டை மாட்டிக்கொண்டு சிவகுருநாதன் இறங்குவதற்குள் கார் வந்துவிட்டது. அந்தக் குறுகிய சந்தில் ஒரே வீச்சில் திரும்பி நின்றது.

"எங்கயும் நிறுத்தி வழி கேக்கலண்ணே. தம்பிதான் நேரா ஓட்டிக்கிட்டு வந்தாரு," என்று சிரித்தார் மாப்பிள்ளையின் மாமா குலசேகரம்.

மாப்பிள்ளை அம்பிகைபாகன் பொருளாதாரம் படித்தவன். "டிரான்ஸ்போர்ட் கம்பெனியில நல்ல பொறுப்பு," என்றார் மாமா. அவன் கார் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

தவமணி தேநீரும் பலகாரமும் கொண்டுவந்தாள். பேக்டரியில் நாள் முழுதும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சிவந்த கண்களால் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. போய் அம்மாவின் அருகில் நின்றுகொண்டாள்.

"பொண்ணு எங்க வேலை செய்யிறா?" என்று கேட்டார் மாமா.

"பாயான் லெப்பாஸ்ல, எலக்ட்ரானிக் கம்பெனி. ஆபீசர்." சிவகுருநாதனின் முதுகு நிமிர்ந்தது.

"அவ்வளவு தூரமா? பேக்டரி பஸ்ஸுலயா போறா?"

"பஸ்ஸா? எங்க குடும்பத்துப் பொண்ணு பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறதாவது! கம்பெனி கார் கீழயே வந்து நிக்கும். டிரைவர் ஹார்ன் அடிச்சிட்டுக் காத்துக் கெடப்பான். இவ மெதுவாத்தான் இறங்குவா."

குலசேகரம் மரியாதையோடு தலையசைத்தார். அம்பிகைபாகன் பயத்தம் பணியாரத்தைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"என்ன தம்பி, புடிச்சிருக்கா? வாயத் தொறந்து சொல்லுலா," என்று மாமா அவன் முழங்காலைத் தட்டினார்.

"புடிச்சிருக்கு." பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டு அவன் சிவகுருநாதனைப் பார்த்தான்.

"ஆனா நான் ஒரு நாளும் ஹார்ன் அடிச்சதில்ல, அங்கிள். பஸ் வர்றதுக்கு முன்னாடியே இவங்க வந்து நிப்பாங்க."