பொம்மை போட்ட புக்கு

"பாய், பொம்மை ஜாஸ்தியா, எழுத்து கம்மியா ஒரு புக்கு குடுங்க. எழுத்தே இல்லேன்னாலும் பரவால்ல."

ஜம்புலிங்கம் கத்தித்தான் கேட்டார். ராத்திரி முழுக்க பவர்லூம் இரைச்சலில் நின்றவருக்கு மெதுவாகப் பேச வராது. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. பக்கத்தில் அவர் மகள் கோமளா பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திருத்தணியில் ஹனீஃபாவுடையது பழைய புத்தகக் கடை. அப்போதுதான் கோணியைப் பிரித்து அடுக்க ஆரம்பித்திருந்தார். இடுப்பு வலி. கடை திறக்கும்போதே மூடிவிட்டுப் போகலாம் போலிருந்தது.

"யாருக்கு?"

"இவளுக்குத்தான். அஞ்சாவதுல ரெண்டு தடவ பெயிலு. எழுத்துக் கூட்டவே வரலியாம். பொம்மை போட்ட புக்கு வாங்கிக் குடுத்துப் பாருங்கன்னு டீச்சரம்மா சொன்னாங்க. இந்த வருசமாவது தேறணும் பாய்."

"தேறாட்டி இன்னா? கலெக்டர் வேலை காத்துனு இருக்குதா?"

"நீ வேற. அவ அம்மா என்னை மலைக்கு இட்டுனு போயி, பொண்ண அஞ்சாவது முடிக்க வெக்கிறேன்னு சூடத்த அணைச்சு சத்தியம் பண்ண வெச்சிட்டா. சாமி காரியம். வெளாட முடியாது."

ஹனீஃபா கையிலிருந்த புத்தகக் கட்டைக் கீழே வைத்தார். பெண்பிள்ளை படிப்புக்காகச் சூடம் அணைத்த தகப்பனை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"இப்படி உக்காரும்மா," என்று கோமளாவுக்கு ஸ்டூலைத் தள்ளினார்.

முதலில் அணில், ஆடு படம் போட்ட அரிச்சுவடியைக் கொடுத்தார். அவள் அதைத் தொடவே இல்லை.

"இது கொயந்தைங்க புக்கு."

"சரிங்க பெரிய மனுசி. இத பாருங்க."

இது ராஜா கதை. பக்கத்துக்குப் பக்கம் யானை, குதிரை, ஈட்டி. கோமளா புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்தது வழுவழுத் தாளில் அச்சான வெளிநாட்டுக் கதை. பனியும் ஓநாயும் அழகாகத்தான் இருந்தன. படங்களை மட்டும் பார்த்தாள். எழுத்திருந்த பக்கங்களைத் தாண்டிவிட்டாள்.

"பாத்தியா பாய்? இப்படித்தான். பொம்மைய பாப்பா, மூடி வெச்சிருவா," என்றார் ஜம்புலிங்கம். "கே.ஜி.கண்டிகை பஸ்ஸு வந்துடும். ஏதாச்சும் ஒண்ண குடு, போறேன்."

"இருய்யா."

ஹனீஃபாவுக்கு ஒரு கணக்கு உண்டு. கதை முழுவதையும் படமே சொல்லிவிட்டால் பிள்ளை எழுத்துப் பக்கம் போகாது. படம் பாதியில் நிறுத்த வேண்டும். ஏன், எதற்கு என்று உறுத்த வேண்டும். அப்படி ஒன்று அடியில் கிடந்தது. இழுத்தெடுத்துத் தட்டினார். அட்டை போயிருந்தது.

நாற்காலியில் ஒரு கரடி. கழுத்தில் துண்டு. பாதித் தலை மொட்டை. முடி வெட்டுகிறவர் கத்தியோடு உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்.

கோமளாவின் உதடு லேசாக அசைந்தது. ஹனீஃபா அதைப் பார்த்துவிட்டார். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிப் பிடித்து, தலையைச் சாய்த்துக்கொண்டு வாசித்தார்.

"'கரடி முடி வெட்டிக்கொள்ள வந்தது. கடைக்காரர் பெயர் மாணிக்கம்.'"

"மருதை," என்றாள் கோமளா.

"இன்னாது?"

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"எனக்கு மாணிக்கம்னுதான் தெரியுது. சரி, வுடு. 'கரடிக்குத் தும்மல் வந்தது. அதனால் அவர் பயந்து உத்தரத்தில் ஏறிக்கொண்டார்.'"

"தும்மலும் இல்ல, ஒண்ணும் இல்ல. காதாண்ட கத்தி பட்டு கூச்சத்துல சிரிச்சிச்சு. அதோட பல்ல பாத்துட்டு மேல ஏறிட்டாரு."

"எங்க போட்டிருக்குது அப்படி? சும்மா அளக்காத."

"இதோ கீதே." புத்தகத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். படித்தாள். விரல் வைக்கவில்லை, எழுத்துக் கூட்டவில்லை. கரடி பேசும் இடத்தில் குரலைக் கனமாக்கிக்கொண்டாள். கடைசிப் பக்கத்துக்கு வருவதற்குள் சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஜம்புலிங்கம் வாயைத் திறந்தபடி நின்றார்.

"படிக்கிறாளே பாய்."

"படிப்பு ஏறாத புள்ளைன்னு ஒண்ணு கிடையாது ஜம்பு. தோதான புக்கு கிடைக்கல, அவ்ளோதான்." ஹனீஃபாவுக்கு இடுப்பு வலி மறந்துவிட்டது.

ஜம்புலிங்கம் கடைப் படியில் உட்கார்ந்தார். பெரிதாக மூச்சு விட்டார்.

"ரெண்டு வருசமா மேஸ்திரி பிடுங்கினு கீறாரு, பொண்ண தறிக்கு நூல் தார் சுத்துற வேலைக்கு அனுப்புன்னு. அஞ்சாவது முடியாம எப்படி அனுப்புறது? இன்னிக்கே டீச்சரம்மாகிட்ட சொல்லிடறேன், இவ படிக்கிறான்னு. ஏப்ரல்ல பாஸ் போட்டாங்கன்னா மே மாசம் தறிக்குப் போயிடுவா. நானும் இந்த நைட் ஷிப்ட்ட வுட்டுத் தொலைப்பேன்."

எழுந்து, ஒரு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எதிர்ப்பக்கம் போனார். நடையில் தூக்கம் தள்ளாடியது.

கோமளா சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். கரடிப் புத்தகத்தை மூடி அடுக்கின் மேல் வைத்தாள்.

"உனக்கு எப்போலேந்தும்மா படிக்கத் தெரியும்?" என்று கேட்டார் ஹனீஃபா.

"மூணாவதுலேந்து பாய்," என்றாள். "பெயிலாவறதுக்குத்தான் ரெண்டு வருசமா கஷ்டப்பட்டுனு இருந்தேன்."