காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு டை

சீப்புகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு மூன்று பாலிசிகளையும் மேஜைமேல் பரப்பினார் ஏஜென்ட்.

முதலாவது தீ, திருட்டு, கண்ணாடி உடைவதற்கு. இரண்டாவதில், கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு அடிபட்டாலும் பணம் கிடைக்கும். மூன்றாவதில், வாடிக்கையாளருக்குத் தலைமுடி டை ஒத்துக்கொள்ளாமல் போனாலும் நஷ்டஈடு.

மூன்றாவதைத் தொட்டேன்.

அவருக்கு ஆச்சரியம். அவர் மனைவி என் பார்லருக்குத்தான் வருகிறாள். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு டை தடவி, இரண்டு நாள் பொறுத்து, அரிப்பு இல்லையென்றால்தான் தலையில் கை வைப்பேன். மந்திரி வீட்டு அம்மாவானாலும் சரி. இதற்காகவே கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டுமே.

பாலிசி இல்லாவிட்டால் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டட உரிமையாளர். என்னை நம்பி மூன்று பெண்கள் இருக்கிறார்கள்.

விதிமுறைகளை மடமடவென்று படித்துக்கொண்டு வந்த ஏஜென்ட், ஓரிடத்தில் சிரித்துவிட்டார்.

"சொந்தக்காரங்களுக்கு ஏதாவது ஆனா இதுல வராது மேடம். வீட்டு ஆளுங்க யாரு நம்ம மேல கேஸ் போடப் போறாங்க?"

நானும் சிரித்துவைத்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. இந்தக் கடையில் போட்ட டையால் இதுவரை யாருக்காவது பாதிப்பு ஏற்பட்டதுண்டா? 'ஆம்' என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும் என்றார். பேனாவை நீட்டினார்.

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

போன வருடம் ஒரு மதியம் தங்கை அரக்கப்பரக்கக் கடைக்கு வந்தாள். மறுநாள் அவளுக்கு வேலைக்கு நேர்முகத் தேர்வு. நெற்றியோரத்தில் நரை தெரிகிறதாம். நம் வீட்டுப் பெண்ணுக்கு எதற்குச் சோதனை என்று நானே உட்காரவைத்துப் பூசிவிட்டேன். அரிக்கிறது என்றாள். ஆடாமல் இருடி என்று அதட்டினேன்.

சாயங்காலத்துக்குள் முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. மூச்சுக்குத் தவித்தாள். ஆஸ்பத்திரியில், டையை யார் போட்டது என்று டாக்டர் கேட்டார்.

"நானேதான் டாக்டர். வீட்ல."

அவள் கடைசியாகப் பேசியது அதுதான். கறை போகாத என் விரல்களைப் போர்வைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு அதைச் சொன்னாள்.