பெயிண்டுக்கு ஒண்ணும் ஆவாது

“யாரைக் கேட்டு புது காரை மிஷின் வாஷ்ல விட்டே?” செங்கம் ரோடு கார் வாஷிலிருந்து வெளியே வந்த மனைவி சுனந்தா காரை விட்டு இறங்குவதற்குள் வீரேந்திரன் கத்தினான்.

“ஏங்க, ஊரே இதுலதானே விடுது?”

“ஊரு விட்டா நீயும் விடுவியா? பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்த வண்டிங்க மண்ணு மொத்தமும் அந்த பிரஷ்லதான் இருக்கு. பெயிண்ட் பூரா கோடு கோடா கீறியிருக்கு பாரு! அறிவில்ல?”

சுனந்தாவுக்கு முகம் சிவந்தது.

அதற்குள் சென்னை கார் ஒன்று வந்து நின்றது. உள்ளே இருந்தவர் வீரேந்திரனிடம் கேட்டார்: “இந்த வாஷ் ஓனர் நீங்கதானே? பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

வீரேந்திரன் உடனே பல்லைக் காட்டினான். “ஒண்ணும் ஆவாது சார், தைரியமா விடுங்க!”

“ஆமா சார்,” என்றாள் சுனந்தா. “எங்க புது காரையே இப்பதான் விட்டோம். கிட்ட வந்து பாருங்க.”