பச்சை மீனின் மூன்று படங்கள்

தொட்டி விளக்கை அணைத்தான்.

நீல வெளிச்சம் போனதும் மீன் கொஞ்சம் திகைத்து நின்றது. பிறகு வாலை விரித்துக்கொண்டு முன்னால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி. ஜன்னல் வெளிச்சமே போதும்.

தொட்டிக்குப் பின்னால் வெள்ளை ஆர்ட் பேப்பர் ஒன்றை ஒட்டினான். பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்தது. வெள்ளை வெள்ளையாக விழுந்துவிட்டால் மற்ற கலரெல்லாம் தானாக வழிக்கு வரும். சிவகாசியில் இருபத்தாறு வருடம் அச்சுத் தாளில் கலர் பார்த்தவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படித்தான் நேற்றுவரை நினைத்திருந்தான்.

நேற்று மீனைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினான். கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து உடனே பதில் வந்தது.

"என்னப்பா, நம்ம ஃபைட்டர் பச்சைல்லா? இதுல நீலமா இருக்கு."

விளக்கின் கோளாறு என்று சொல்லிக்கொண்டான்.

போன வாரம் மையின் கோளாறு. மீனாட்சி கையில் இருக்கும் கிளி நீலமாகிவிட்டது என்று பன்னிரண்டாயிரம் காலண்டரையும் ஆர்டர் கொடுத்த பார்ட்டி திருப்பி அனுப்பிவிட்டார். மெஷினில் முதலில் வரும் தாளை அவன் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மற்றது ஓடும். நீலக்கிளித் தாளிலும் அவன் கையெழுத்து இருந்தது. மை சரியில்லை என்றான். அவன் சொன்னால் முதலாளிக்கு மறுபேச்சு கிடையாது. மை கொடுத்தவனைக் கூப்பிட்டுக் கண்டபடி திட்டினார்.

அதைத்தான் அவனால் மறக்க முடியவில்லை.

மூன்று படம் எடுத்தான். போன் கேமராவில் நிறத்தை மாற்றும் கோட்டை முதலில் கொஞ்சம் நீலப் பக்கம் வைத்தான். அடுத்து நடுவில். அடுத்து கொஞ்சம் மஞ்சள் பக்கம். மீன் பெரிய மனது பண்ணி மூன்று தடவையும் அசையாமல் நின்றது.

படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தான்.

மூன்றும் ஒன்றுபோல் இருந்தன.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ஜன்னலோரம் போய்ப் பார்த்தான். ஒரு கண்ணை மூடினான். மறு கண்ணை மூடினான்.



"செண்பகம்."

மனைவி ஈரக்கையோடு வந்தாள். போனை நீட்டினான்.

"இதுல எது மீன் மாதிரியே இருக்கு?"

அவள் தொட்டியை ஒருதரம் பார்த்தாள், போனை ஒருதரம் பார்த்தாள். யோசிக்கக்கூட இல்லை.

"நடுவுல உள்ளது. மொதப் படத்துல மீனு நீலமாயிருச்சு. கடைசில பழுத்த இலை மாதிரி கெடக்கு. இதுக்கா கூப்டீங்க? அடுப்புல கொழம்பு கொதிக்குது."

"சும்மாதான் கேட்டேன்."

அவள் போய்விட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு படங்களை முன்னும் பின்னும் தள்ளினான். திறந்தான். இது நடுப்படம் என்று மனதுக்குள் சொன்னான். எடுத்த நேரத்தைப் பார்த்தான்.

தப்பு.

மறுபடியும் தள்ளினான்.

தப்பு.

மூன்றாவது தடவை சரியாக வந்தது. குருட்டாம்போக்கில் வந்தது என்று அவனுக்கே தெரியும்.

போன் அடித்தது. மெஷின்காரன்.

"அண்ணாச்சி, கிளியைத் திரும்ப மெஷின்ல ஏத்தியாச்சு. நீங்க வந்து பாத்தாத்தான் ஓட்ட முடியும். மொதலாளி இங்கயே உக்காந்திருக்காரு. பார்ட்டியும் வந்துட்டாரு."

"வாரேன்" என்றான். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

பயமாக இருந்தது. கலர் பார்ப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. மகனுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. கண் போய்விட்டது என்று ஊரில் ஒருவன் சொன்னால் போதும், மறுநாள் எந்த பிரஸ்ஸிலும் ஏற முடியாது.

அடுக்களை வாசலில் போய் நின்றான்.

"கெளம்பு. பிரஸ் வரைக்கும் போயிட்டு வருவோம்."

"நானா? நான் எதுக்கு?"

"நீ பாத்ததே இல்லைல்லா. அதான்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிரஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று தட்டிக் கழித்தவன் அவன்தான். இப்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே ஓடினாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு கையிலும் இரண்டு சேலையோடு திரும்பி வந்தாள்.

"எதைக் கட்ட?"

"அந்தப் பச்சையைக் கட்டு."

அவளுடைய இடது கையைக் காட்டினான்.

அவள் இடது கையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு, தொட்டியருகே கிடந்த போனைப் பார்த்தாள்.

பச்சைச் சேலை வலது கையில் இருந்தது.



உள்ளே போய், அவன் காட்டிய சேலையையே கட்டிக்கொண்டு வந்தாள். கதவைப் பூட்டினாள். படியிறங்கும்போது பக்கத்து வீட்டுக்காரி காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க தாளைப் பாக்கும்போது நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"